யாரோடக்காவின் நோட்டு

“யாரோட பாக்கப் போறீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தக் கடையிலிருந்து யாரும் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததில்லை. கேட்பவர், எங்கள் குடியிருப்பின் வாசல் அறையில் சினிமா டிஸ்க்குகளை வாடகைக்கு விடும் அக்கா. நான்கு கட்டடம், நூற்றுப் பன்னிரண்டு வீடு. எல்லா வீட்டிலும் அவருக்கு யாரோடக்கா என்றே பேர். கேலியாகக் கிளம்பிய பேர்தான். அவர் அதைத் துடைத்துப் பொட்டலம் கட்டித் தனதாக்கிக்கொண்டார்.

புதிதாக வருகிறவர்கள் முறைப்பார்கள். “நான் யாரோட பாத்தா உங்களுக்கென்னங்க?”

“எனக்கொண்ணுமில்ல. உங்களுக்குத்தான். நல்ல படமான்னு கேட்டீங்கல்ல? யாரோடன்னு தெரியாம நல்ல படமான்னு எப்படிச் சொல்றது?”

அந்த அறை காவலாளிக்காகக் கட்டியது. காவலாளிக்கு மாடிப்படிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்காருவதுதான் பிடித்திருந்தது; எனவே அறை சும்மா கிடந்தது. பத்தடிக்கு எட்டடி. மின்விசிறிக்கு இரண்டே வேகம்: ஒன்று நிற்கும், இல்லாவிட்டால் பேய் பிடித்துச் சுற்றும். சுவரெல்லாம் ஏதோ அலுவலகம் கழித்துக் கட்டிய இரும்பு அலமாரிகள். மற்ற கடைகளில் சண்டைப்படம், காதல்படம், வெளிநாட்டுப்படம் என்று பிரித்திருப்பார்கள். இங்கே அட்டையில் அக்காவின் குண்டு எழுத்து வேறு கணக்கில் பிரிக்கும். ‘அப்பாவோட பாக்கலாம்.’ ‘அப்பாவோட வேண்டாம்.’ ‘காய்ச்சல்ல படுத்திருக்கும்போது.’ ‘சண்டை போட்ட அன்னைக்கு.’ ‘நாய் சாகாது.’ ‘தனியா.’ ‘மாமியாரோட’ என்ற அலமாரியில் மட்டும் ஏழே ஏழு படங்கள்.

“ஏன்க்கா ஏழுதான்?”

“மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒரே ஆளைத் திட்டுற மாதிரி அவ்வளவுதான் எடுத்திருக்காங்க.”

இன்னொரு சட்டமும் உண்டு. படத்தைச் சொன்ன நாளில் திருப்பித் தராவிட்டால் அபராதம். பணம் இல்லை. கடையில் அப்போது யார் நிற்கிறார்களோ அவர்கள் முன்னால், அந்தப் படத்தின் கதையை நின்றபடியே சொல்ல வேண்டும். பி கட்டடத்து என்ஜினீயர், மேடையேறி ஆயிரம் பேருக்கு முன்னால் பேசுகிறவர், ஒருமுறை நான்கு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பேய்ப்படத்தின் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. “அப்புறம் அந்தப் பேய் யாரு அங்கிள்?” என்று பிள்ளைகள் விடவில்லை. அதற்கப்புறம் அவர் ஒரு நாள் முன்னதாகவே படத்தைத் திருப்பிவிடுவார்.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். பத்தொன்பது வயதில் ஒரு சினிமா தியேட்டரில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். டார்ச் அடித்து இருக்கை காட்டுகிற ஆள் ஒரு நாள் வரவில்லை. கீழே கிடந்த டார்ச்சை இவர் எடுத்துக்கொண்டார். மேனேஜர் ஓடி வந்தார்.

“பொம்பளைக்கு இருட்டுல என்னம்மா வேலை?”

“டார்ச் என் கையில இருக்கு சார். பயப்பட வேண்டியது நான் இல்ல.”

பதினான்கு வருடம் அந்த டார்ச்சை அவர் கீழே வைக்கவில்லை. இருக்கை காட்டுகிறவர் திரைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க முடியும். ஆயிரக்கணக்கான தடவை படம் ஓடியிருக்கிறது; அவர் பார்த்தது முகங்களை. சனிக்கிழமை மனைவியோடு வந்து குலுங்கிச் சிரித்த அதே ஆள், ஞாயிற்றுக்கிழமை தன் அப்பாவோடு அதே படத்துக்கு வந்து, அதே இடத்தில் கல்லாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். “படம் திரையில ஓடுதுன்னு நினைக்கிறாங்க தம்பி. பக்கத்து நாற்காலியிலதான் ஓடுது” என்பார். தியேட்டரை இடித்து மரச்சாமான் கடை கட்டினார்கள். வேலையை விட்டுப் போகச் சொல்லிக் கொடுத்த தொகையில் டிஸ்க்குகள் வாங்கினார். கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவர் வாழ்நாளில் முழுதாகப் பார்த்த படங்கள் எல்லாமே காய்ச்சல் அலமாரியில் இருந்தவை.

கடையில் மிக முக்கியமான பொருள் டிஸ்க் இல்லை, ஒரு நோட்டு. நீளவாக்கில் தடித்த நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். தேதி, படம், யாரோட. அவ்வளவுதான் மூன்று கட்டம். படம் திரும்பி வந்ததும் வரி முடிவில் ஒரு கோடு. “அக்கா, போன தடவ என் தங்கச்சி வந்தப்ப ஒரு படம் பாத்தோமே, ஒருத்தன் குடையை மறந்துட்டுப் போவானே” என்று யாராவது வந்து நிற்பார்கள். படத்தின் பேர் அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நோட்டைப் புரட்டி ‘தங்கச்சியோட’ என்று எழுதிய வரியில் விரல் வைத்து, குடை மறந்தவனை அலமாரியிலிருந்து இறக்கிவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தபால் கம்பெனி வந்தது.

ஒரு காலையில் நூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டியிலும் வழவழப்பான மடிப்புத் தாள். பன்னிரண்டாயிரம் படங்கள். படிவத்தில் பத்துப் படங்களை வரிசையாக எழுதி அனுப்பினால் போதும். இரண்டிரண்டாகத் தாளுறையில் வீட்டுக்கே வரும். பார்த்ததும் அதே உறையில் போட்டுத் தபால் பெட்டியில் சேர்த்தால் அடுத்தது வரும். தாமதத்துக்கு அபராதம் கிடையாது. அடுத்த வாரமே டை கட்டிய கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வந்தார். வாசல் அறையை எங்களுக்குக் கொடுங்கள், அங்கே பெறுவதற்கும் திருப்புவதற்கும் ஒரு கவுண்டர் வைக்கிறோம், நான்கு கட்டடத்துக்கும் வெள்ளையடித்துத் தருகிறோம் என்றார்.

அறை சங்கத்துக்குச் சொந்தம். கொடுப்பதா வேண்டாமா என்று பொதுக்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு. சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீ டிகிரி படிச்ச பையன். ஆறு வாரம் டைம் தரேன். ரெண்டுலயும் படம் எடுத்துப் பாரு. எது மேலுன்னு ஒப்பிட்டு ஒரு அறிக்கை எழுது. வளவளன்னு வேண்டாம்.”

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடக் கற்ற முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நானே. ஒருவர் என்னைத் தேடி வந்து அறிக்கை எழுது என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நேராக அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“அக்கா, கவலையே படாதீங்க. எழுதப் போறது நான்தான்.”

அவர் டிஸ்க் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். “இங்க பாரு பட்டதாரி. எனக்குப் பரிஞ்சு ஒரு வரி எழுதினே, உன் பட்டத்தை நானே கிழிப்பேன். இருக்கிறதை எழுது. நானும் அந்தக் கம்பெனில சேர்ந்திருக்கேன், தெரியுமா?”

“நீங்களா?”

“பின்னே? எதிர்க்கடைக்காரன் என்ன விக்கிறான்னு எட்டிப் பாக்க வேண்டாமா? நாலு படம் வந்துச்சு. ஒண்ணு ரொம்ப நல்ல படம். என்கிட்ட இல்லாதது.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பொறாமைதான், அவர் அதை மறைக்கவும் இல்லை.

ஆறு வாரம் பார்த்தேன். தபாலில் இருபத்திரண்டு படங்கள் வந்தன. சராசரியாக நான்கு நாள். மூன்றில் கீறல், ஒன்று இரண்டாக உடைந்து வந்தது. ஒரே பேரில் இரண்டு படம் இருந்ததால், போர்ப்படம் கேட்டவனுக்குப் பேய்ப்படம் வந்தது. ஆனால் சி கட்டடத்து மூன்றாவது மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு அந்த உறை கதவுக்கே வந்தது. மாறிமாறி ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், கடை திறந்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருந்ததே இல்லை. அவருக்குத் தபால்தான் வரம். அக்கா செவ்வாய்க்கிழமை கடை திறப்பதில்லை. அவரிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் படம்தான். அதிலும் கேட்டதைக் கொடுப்பார் என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை எனக்கே மறுத்துவிட்டார். ‘கடைக்காரர் வாடிக்கையாளரின் விருப்பத்தில் தலையிடுகிறார்’ என்று அறிக்கையில் எழுதினேன். எழுதியதை அவரிடமே காட்டினேன்.

“தலையிடுறேன்னு டீசன்டா எழுதியிருக்கே. மூக்கை நுழைக்கிறாள்னு எழுதினா இன்னும் கரெக்டா இருக்கும்.”

அந்த ஆறு வாரத்துக்குள்தான் என் அப்பா ஊரிலிருந்து வந்தார். நான் தங்கியிருக்கும் அறையை அவர் பார்த்ததே இல்லை. இரண்டு நாள் இருக்கப் போகிறார். எங்களுக்குள் பேசிக்கொள்ள அரை மணி நேரத்துக்குக்கூட விஷயம் கிடையாது. படம் பார்த்து ஒப்பேற்றிவிடலாம் என்று, தபாலுக்கு முன்கூட்டியே எழுதிப்போட்டேன். கடைக்கும் போனேன்.

“யாரோட?”

“அப்பாவோட.”

அந்த அலமாரியை நோக்கி நகர்ந்தவர் நின்றார். “அப்பாவுக்குப் படிக்க வருமா?”

முகம் சூடேறியது. கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “வராது. அவர் படிக்காததாலதான் நான் படிச்சேன்.”

“அதான் கேட்டேன். இந்த அலமாரில பாதி, கீழ எழுத்து ஓடுற படம். நீ பக்கத்துல உக்காந்து வாசிச்சுச் சொன்னா அவர் கூச்சப்படுவார், நீ எரிச்சல்படுவே.” ஸ்டூல் மேல் ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்தார். “இதுல பேச்சே ரொம்பக் கம்மி. ஒருத்தன் வறண்ட காட்டுல கிணறு வெட்டுறான். அவ்வளவுதான் கதை.”

அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார். பத்து நிமிடம் ஓடியிருக்கும். பிறகு, “மம்பட்டியைப் பிடிக்கவே தெரியலையே இவனுக்கு” என்றார். அப்புறம் நிறுத்தவே இல்லை. மண்ணைக் கொட்டுகிற பக்கம் தப்பு, சரிந்து உள்ளேயே விழும். ஈர மண் வந்த பிறகு எவனாவது உச்சி வெயிலில் வெட்டுவானா. நானும் உன் பெரியப்பாவும் கிணறு வெட்டும்போது பதினெட்டடியில் பாறை வந்தது, உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. இருபத்து நான்கு வருடத்தில் எனக்கு அது தெரியாது.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது, என்னை விட்டுவிட்டு வாசல் அறை ஜன்னலுக்குப் போனார்.

“நீங்கதான் அந்தப் படம் குடுத்தவங்களாம்மா? அவன் வெட்டுனது மொத்தமும் தப்பு.”

“தப்புன்னு நீங்க சொல்லத்தான் ஐயா குடுத்தேன்.”

அப்பா சிரித்ததைப் பார்த்தேன். தபாலில் எழுதிப்போட்ட படம், அவர் போய் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. முதல் காட்சியிலிருந்து கடைசி வரை ஒரு நீதிமன்றத்தில் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அறிக்கையில் கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தேன்: ‘யாரோடு பார்க்கிறார் என்று கேட்கப்படுகிறதா?’ கடைக்கு நேராக ‘ஆம்’. தபாலுக்கு நேராக ‘படிவத்தில் இடமில்லை’.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை கம்பெனிப் பிரதிநிதி கடைக்கே வந்தார். நானும் அங்கிருந்தேன். ஆள் கெட்டவர் இல்லை. கற்றுக்கொடுத்த சிரிப்பு, அவ்வளவுதான்.

“மேடம், எதுக்கு மேடம் இந்த டென்ஷன்? அறை எங்க கைக்கு வந்தாலும் நீங்க இங்கயே உக்காரலாம். மாசச் சம்பளம், எங்க பேட்ஜ். உறையை வாங்கி உறையைக் குடுத்தா போதும். ஆனா ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு, ஜனங்ககிட்ட கேள்வியெல்லாம் கேக்கக் கூடாது. கம்பெனி பாலிசி.”

“ரெண்டாவது?”

“அந்த நோட்டு. யார் என்ன பாத்தாங்கன்னு எழுதி வச்சிருக்கீங்களாமே. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, உங்க பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பாத்தார், நீங்களும் பாருங்கன்னு எல்லாருக்கும் தாள் அனுப்பலாம். அருமையான டேட்டா மேடம்.”

அக்கா நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். “டேட்டாவா? இது என் ஜன்னல்ல வந்து நின்னு ஒவ்வொருத்தரும் மெல்லச் சொன்ன பேச்சு. நீங்க மைக் வைக்கப் பாக்குறீங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க மேடம். இல்லேன்னா அறையைக் காலி பண்ண வேண்டி வரும்.”

“யோசிச்சுட்டேன். உங்களுக்கு ஒரு படம் வேணுமா? யாரோட பாப்பீங்க?”

“எங்க மேடம், ஊர் ஊரா அலையுறேன். ஹோட்டல் ரூம்ல…” என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு காலை பத்து மணி. வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தொண்ணூற்றொரு வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. செயலாளருக்குப் பக்கத்தில் நின்று அறிக்கையைப் படித்தேன். டைப்பிஸ்ட் அம்மாவின் முழங்காலையும் படித்தேன், உடைந்த டிஸ்க்கையும் படித்தேன். அக்கா மறுத்த இரண்டு படங்களையும் விடவில்லை. பிரதிநிதி வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசினார். பி கட்டடத்து என்ஜினீயர் எழுந்தார்.

“காலம் எங்கயோ போயிட்டிருக்கு. நான் காசு குடுக்கிறேன், எனக்குப் படம் வேணும். இடையில யாரோட, எதுக்கோட, ஏனோடன்னு என்ன விசாரணை இது? நான் என்ன போலீஸ் ஸ்டேஷனுக்கா போறேன்?”

கூட்டம் சிரித்தது. நிறையத் தலைகள் ஆடின. அக்காவுக்குப் பின்னால் போய்க் குனிந்தேன்.

“அக்கா, நோட்டு கையில இருக்கு. அவர் பக்கத்தை மட்டும் ரெண்டு வரி வாசிங்க. வாயை மூடிடுவார். அந்தப் பக்கமிருந்து நாலு ஓட்டு இந்தப் பக்கம் வந்துடும்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “இதுக்கா படிச்சே?”

பட்டமளிப்பு விழாவில் என் பேரைத் தப்பாகப் படித்தபோதுகூட நான் அவ்வளவு சிறுத்துப் போகவில்லை.

அக்கா எழுந்தார். “அறை உங்களோடது. வேணும்னா எடுத்துக்கங்க, நான் கெஞ்ச வரல. தபால்ல படம் வரட்டும். மாடி இறங்க முடியாதவங்களுக்கு அது நல்லதுன்னு நானே சொல்றேன். ஆனா நோட்டைக் குடுத்துட்டு நாற்காலியில உக்காருன்னு சொன்னாங்க. அது நடக்காது. கேள்வி கேக்காதேன்னும் சொன்னாங்க. அதுவும் நடக்காது. கேக்காம குடுக்கிறதுக்குத் தபால்காரர் போதும், நான் எதுக்கு? இதைக் கேட்டுட்டுக் கையைத் தூக்குங்க.”

தூக்கினார்கள். செயலாளர் இரண்டு தடவை எண்ணினார். அறையைக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று நாற்பத்தேழு. வேண்டாம் என்று நாற்பத்து நான்கு. செயலாளரின் கை நாற்பத்தேழில் இருந்தது.

அதோடு முடிந்திருக்கும். பிரதிநிதிதான் எழுந்து, மரியாதையாகவே, ஒன்று சொன்னார். “சார், அந்த நோட்டு இந்தக் குடியிருப்போட பதிவேடு மாதிரிதானே. அறையோட சேர்ந்து அதுவும் சங்கத்துக்கு வரணுமில்லையா?”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏம்மா… சட்டப்படி பாத்தா…”

அக்கா அவரை முடிக்க விடவில்லை. நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பிடித்து, தையலோரமாக, சிறிதும் பதறாமல் கிழித்தார். “ஏ ஒண்ணு” என்று கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. “ஏ ஒண்ணு! வந்து வாங்கிக்கங்க. உங்க வீட்டுப் பக்கம்.” ஏ ஒன்று எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். “ஏ ரெண்டு.”

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கிழிக்கிற சத்தம், பிறகு வீட்டு எண், பிறகு நாற்காலி நகரும் சத்தம். வராதவர்களின் பக்கங்களை ஒரு உறையில் போட்டுக்கொண்டார். என்ஜினீயர் தன் பக்கத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு நான்காக மடித்தார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். ஒரு தம்பதி தலையோடு தலை சேர்த்துத் தங்கள் பக்கத்தைப் படித்து, “ஏய், இது நீ மாசமா இருந்தப்ப!” என்று கூவினார்கள். நாற்பத்தேழு பேரும் நாற்பத்து நான்கு பேரும் ஒரே மாதிரித் தலைகுனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

டி கட்டடம் பதினேழு. செயலாளர். மேசையை விட்டு எழாமல் கையை நீட்டினார். நான் மறுபடி அவர் பக்கத்தில் போய் நின்றிருந்ததால் என் கண்ணில் பட்டுவிட்டது. அவர் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன். ஒரே படம். திரும்பத் திரும்ப அதே படம். முதல் மூன்று வரியில் ‘மனைவியோட’. அதற்குக் கீழே ஒன்பது வரியில் ‘தனியா’. கடைசி வரியின் தேதி போன வாரம். திருப்பியதற்கான கோடு போடவில்லை. அதாவது, அறையைக் காலி செய்யச் சொல்லிக் கைதூக்கிய நேரத்தில் அக்காவின் டிஸ்க் அவர் வீட்டில் இருந்தது. அவருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அக்கா அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

கடைசியில் அட்டை மட்டும் மிஞ்சியது. அதைப் பிரதிநிதியின் முன்னால் வைத்தார். “சங்கத்துக்கு.”

அன்று மாலைக்குள் அறை காலி. பணிமனையிலிருந்து கணவர் நான்கு பேரைக் கூட்டி வந்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம் தையல் கடையின் முன்பாதி கிடைத்தது. தையல்காரர் எதற்கும் ஒரு முனகல் வைத்திருக்கிறவர்.

“என் மெஷின் சத்தத்துல நீங்க கேக்குற கேள்வி யார் காதுலயும் விழாது, பாத்துக்கங்க.”

“நல்லதாப் போச்சு. இன்னும் தைரியமாப் பதில் சொல்லுவாங்க.”

திங்கள்கிழமை கடை திறந்தது. முதலில் வந்தது ஏ இரண்டு வீட்டு அம்மா. பையிலிருந்து, மடிப்புக் கலையாத அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினார். “இதை எதுக்கு நான் வச்சுக்கணும்? நான் என்ன பாத்தேன்னு எனக்கே ஞாபகம் இருக்காது. நீங்களே வச்சுக்கங்கக்கா.” அடுத்தது அந்தத் தம்பதி. அப்புறம் நாற்பத்தேழு பேரில் ஒருவர், கொஞ்சம் அசடு வழிந்தபடி. அறை போனது போனதுதான். பக்கம் அவரவருடையது, அதை யாரிடம் கொடுப்பது என்பது அவரவர் முடிவு என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எழுபத்து மூன்று பக்கங்கள். சிலவற்றில் குழம்புக் கறை. தையல்காரர் முனகிக்கொண்டே அவற்றை அடுக்கி மெஷினில் வைத்து ஓட்டினார். இரண்டு ஊசி முறிந்தது. “துணி தைக்கிறவன்கிட்ட வந்து…” என்றார். ஆனால் முனையில் திருப்பி இரட்டைத் தையல் போட்டார்.

எதிரே வாசல் அறையில் கம்பெனி கவுண்டர் நடக்கத்தான் செய்கிறது. நர்ஸ் அங்கேதான் போகிறார், போகட்டும். நானும் மாதம் இரண்டு உறை வாங்குகிறேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கடையில் நான், தையல்காரர், பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள். செயலாளர் சாலையைக் கடந்து வந்தார். ஒரு கையில் டிஸ்க், ஒரு கையில் மடித்த தாள். இரண்டையும் மேசையில் வைத்தார்.

“லேட் ஆயிடுச்சும்மா.”

“அஞ்சு நாள் சார். அபராதம் இருக்கு.”

“இங்கயுமா?”

“கடைதான் சார் இடம் மாறியிருக்கு.”

அவர் சுற்றிலும் பார்த்தார். அந்தப் பெண்கள் நகர்கிற மாதிரி இல்லை. தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுத்தார், மெஷின் நின்றது. செயலாளர் தொண்டையைச் செருமினார். “ஒரு ரயில்வே ஸ்டேஷன். அங்க ஒரு கடிகாரம், அது ஓடாது…” என்று ஆரம்பித்தார். தணிக்கை அறிக்கை படிக்கிற குரல். பாதிக் கதைக்கு மேல் அந்தக் குரல் காணாமல் போய்விட்டது. ஓரிடத்தில் நிறுத்தி, “இந்த இடத்துல அவ சிரிப்பா” என்றார். படத்தில் வரும் பெண்ணைச் சொன்னாரா, வேறு யாரையாவதா என்று நாங்கள் கேட்கவில்லை.

கதை முடிந்தது. அக்கா அவருடைய பக்கத்தை எடுத்து, மடிப்பை நீவி, கடைசி வரியில் திருப்பியதற்கான கோட்டைப் போட்டார். பிறகு அதே டிஸ்க்கைத் துணியால் ஒருமுறை துடைத்து, மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினார். பேனா அடுத்த வரியில் காத்திருந்தது.

“யாரோட பாக்கப் போறீங்க சார்?”

“வழக்கம்போலத்தாம்மா.”

“வழக்கம்போலன்னு எழுத இந்த நோட்டுல இடமில்ல சார். சொல்லுங்க.”

செயலாளர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

“தனியா” என்றார்.

அக்கா குண்டு குண்டாக எழுதினார்.